கருணை, நரகம், நிர்பந்தம்: இஸ்லாத்துக்குள் ஓயாத ஒரு வாதம், புதிதாகப் படிப்பவர்களுக்கு

"அல்லாஹ் அளவற்ற அருளாளன் என்கிறீர்கள், அப்புறம் நிரந்தர நரகம் எதற்கு?" இது ஒரு கேள்வி. "மார்க்கத்தில் நிர்பந்தம் இல்லை என்கிறீர்கள், அப்புறம் மதத்தை விட்டுப் போனவனுக்கு மரண தண்டனை என்று பழைய சட்ட நூல்களில் ஏன் இருக்கிறது?" இது இன்னொரு கேள்வி. இஸ்லாத்தைப் பற்றி எங்கே விவாதம் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் இந்த இரண்டும் சிக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் யார் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது, குரல் மட்டும் உயரும்.

முதல் கேள்வி, இறந்த பிறகு இறைவன் என்ன செய்வான் என்பது. இரண்டாவது, உயிரோடு இருக்கும்போது சக மனிதனும் அரசும் என்ன செய்யலாம் என்பது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது: நம்புவதோ மறுப்பதோ உண்மையிலேயே மனிதன் கையில் இருக்கிறதா, இல்லை எல்லாம் முன்பே எழுதியாகிவிட்டதா? இவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால்தான் வாதம் புரியும். மூன்றிலுமே முஸ்லிம் அறிஞர்கள் இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டிலிருந்தே தங்களுக்குள் மோதியிருக்கிறார்கள். அதனால் "இஸ்லாம் சொல்வது இதுதான், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடிக்கிறவர் ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

கருணையிலிருந்து தொடங்கலாம். குர்ஆனில் 114 அத்தியாயங்கள். 9ஆம் அத்தியாயத்தைத் தவிர மற்ற 113ம் இறைவனின் அருளையும் அன்பையும் சொல்லித்தான் தொடங்குகின்றன. கருணை காட்டுவதை இறைவன் தன்மேல் தானே கடமையாக்கிக்கொண்டான் என்று 6:12லும் (6ஆம் அத்தியாயம், 12ஆம் வசனம்) 6:54லும் வருகிறது. "என் கருணை என் கோபத்தை மிஞ்சிவிட்டது" என்று இறைவன் சொன்னதாக வரும் ஹதீஸ் (நபியைப் பற்றிய செய்தி) புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. இன்னொரு ஹதீஸ் இன்னும் நுணுக்கமானது. இறைவன் கருணையை 100 பங்காக்கி, 99 பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பங்கைத்தான் பூமிக்கு இறக்கினான். அந்த ஒரு பங்கால்தான் குதிரைகூடத் தன் குட்டியை மிதித்துவிடக் கூடாதென்று குளம்பைத் தூக்கிக்கொள்கிறது.

சரி, தண்டனை? அதுவும் அதே நூலில், அதே அழுத்தத்தோடு இருக்கிறது. "நான் மன்னிப்பவன், அன்புடையவன் என்று என் அடியார்களுக்கு அறிவித்துவிடும், என் வேதனைதான் துன்புறுத்தும் வேதனை என்பதையும்" என்று 15:49, 15:50 இரண்டும் ஒட்டியே வருகின்றன. ஒன்றை மட்டும் கிள்ளி எடுப்பவர்களுக்கு இந்த இரட்டை வசனம் கொஞ்சம் சங்கடம்தான். 7:156ம் இப்படித்தான்: "என் வேதனையை நான் நாடியவர்களுக்குக் கொடுப்பேன், என் கருணையோ எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கிறது." சூழ்ந்திருக்கிறது என்பதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர், அதே வசனம் அடுத்த மூச்சிலேயே அந்தக் கருணையை இறையச்சம் உடையவர்களுக்கும் ஜகாத் என்ற கட்டாயத் தர்மம் கொடுப்பவர்களுக்கும் எழுதுவேன் என்று போவதைச் சொல்வதில்லை. வேதனையை மட்டும் காட்டுகிறவர் சூழ்ந்திருப்பதைச் சொல்வதில்லை. மரபான அறிஞர்கள் இதற்கு வைத்த பெயர் அச்சமும் ஆதரவும்: அடியான் பயந்துகொண்டும் இருக்க வேண்டும், நம்பிக்கை வைத்துக்கொண்டும் இருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தாலும் கோளாறு.

இது வெறும் தத்துவமாகத் தெரிந்தால் இரண்டு ஹதீஸ்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாய் தாகத்தால் சாகும் நிலையில் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பனூ இஸ்ராயீல் (இஸ்ரவேலர்) கூட்டத்தைச் சேர்ந்த ஒரு விலைமகள் அதைப் பார்க்கிறாள், தன் காலணியைக் கழற்றுகிறாள், முக்காட்டுத் துணியில் கட்டி இறக்குகிறாள், தண்ணீர் மொண்டு நாய்க்குக் கொடுக்கிறாள். அதற்காகவே அவள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன. இன்னொரு பெண் ஒரு பூனையைக் கட்டிப்போட்டாள். தானும் உணவு கொடுக்கவில்லை, பூமியில் கிடக்கும் பூச்சிகளைத் தின்னவும் அவிழ்த்துவிடவில்லை, பூனை செத்தது. அவள் நரகத்துக்குப் போனாள். இரண்டிலும் தீர்ப்பு ஒரு வாயில்லாப் பிராணியை வைத்து வருகிறது. தண்டனையே கருணையின் இன்னொரு முகம்தான், வதைபட்டவனுக்கு நியாயம் வேண்டாமா என்று வாதிடுகிறவர்கள் கையில் எடுப்பது இந்தப் பூனையைத்தான். எனக்கும் அந்த வாதத்தில் வலு இருப்பதாகவே படுகிறது. கொடுமைக்காரனுக்குத் தண்டனை என்பதை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. சிக்கல் வருவது, யாருக்கும் தீங்கு செய்யாத, ஆனால் நம்பாத ஒருவனுக்கு முடிவில்லாத தண்டனை என்னும்போது.

அங்கே போவதற்கு முன் முஸ்லிம்களுக்குள்ளேயே வெடித்த முதல் சண்டையைப் பார்க்க வேண்டும். பெரும்பாவம் செய்த முஸ்லிமின் கதி என்ன? 657இல் ஸிஃப்பீன் போரில் நான்காம் கலீஃபா அலி அவர்களின் படையிலிருந்து பிரிந்துபோன காரிஜிய்யாக்கள், பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமே இல்லை, காஃபிர் (இறைமறுப்பாளன்) என்றார்கள். 661இல் அலி அவர்களையே கொன்றது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன்தான். இதற்கு நேர் எதிராக முர்ஜிஆ என்ற சிந்தனை வந்தது: தீர்ப்பைத் தள்ளிவை, அது இறைவன் பார்த்துக்கொள்ள வேண்டியது, நாம் யாரையும் காஃபிர் என்று சொல்ல வேண்டாம். அப்புறம் பஸராவில் ஹஸன் அல் பஸ்ரியின் பாடவட்டத்திலிருந்து எழுந்துபோனதாகச் சொல்லப்படும் வாஸில் இப்னு அதா, அந்தப் பெரும்பாவி முஃமினும் (நம்பிக்கையாளனும்) இல்லை காஃபிரும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை என்றார். முஃதஸிலா என்ற பகுத்தறிவுப் பள்ளிக்கு அவர்தான் தொடக்கம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு.

முஃதஸிலாக்களுக்கு இறைவனின் நீதிதான் எல்லாம். இறைவன் அநியாயம் செய்ய மாட்டான். எனவே மனிதன் தன் செயலைத் தானே தேர்ந்தெடுக்கிறான். எனவே வாக்களித்த பரிசும் எச்சரித்த தண்டனையும் அப்படியே நடந்தே ஆக வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கவனித்தால் இதில் மன்னிப்புக்கு இடம் சுருங்கிப் போகிறது. தவ்பா (மனம் திருந்தி மன்னிப்புக் கேட்பது) செய்யாமல் செத்த பெரும்பாவி வெளியே வரவே முடியாது. நீதியை இறுக்கிப் பிடித்தால் கருணை நழுவுகிறது. இந்த இடத்தில்தான் 10ஆம் நூற்றாண்டில் அபுல் ஹஸன் அல் அஷ்அரி முஃதஸிலாவை விட்டு வெளியே வந்தார். அவர் தன் ஆசிரியர் ஜுப்பாஇயிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு, நடந்ததோ இல்லையோ, வாதம் கூர்மையானது. மூன்று சகோதரர்கள்: ஒருவன் நம்பிக்கையாளனாக வாழ்ந்து செத்தான், ஒருவன் மறுத்தவனாகச் செத்தான், ஒருவன் குழந்தையிலேயே செத்தான். முதலாமவனுக்குச் சொர்க்கத்தில் உயர்ந்த இடம். குழந்தை, "எனக்கும் ஆயுள் தந்திருந்தால் நானும் அந்த இடத்தைச் சம்பாதித்திருப்பேனே" என்று கேட்டால்? "நீ வளர்ந்தால் கெட்டுப்போவாய் என்று எனக்குத் தெரியும், உன் நன்மைக்காகத்தான் முன்பே எடுத்துக்கொண்டேன்" என்று இறைவன் சொல்வான் என்றார் ஆசிரியர். அப்போது நரகத்திலிருந்து மற்றவன், "என்னைப் பற்றியும் தெரியுமே, என்னை ஏன் குழந்தையிலேயே எடுக்கவில்லை?" என்று கத்தினால்? ஆசிரியரிடம் பதில் இல்லை.

அஷ்அரிகளின் முடிவு, இறைவனை மனிதனின் நியாயத் தராசில் நிறுத்த முடியாது, அவன் நாடினால் மன்னிப்பான், நாடினால் தண்டிப்பான். இதில் கருணைக்கு இடம் நிறைய. ஆனால் நீதி என்பது நமக்குப் புரிகிற பொருளில் இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் அவிழ்கிறது, இதைச் சரியாகக் கட்டிவிட்டேன் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். ஸுன்னி மரபு கடைசியில் ஏற்றுக்கொண்டது ஒரு நடு நிலை: முஸ்லிமாக இறந்த பாவி நரகத்துக்குப் போனாலும் அங்கேயே கிடக்க மாட்டான்; தண்டனை அனுபவித்தோ, நபியின் பரிந்துரையாலோ, இறைவனின் நேரடி மன்னிப்பாலோ வெளியே வருவான். 39:53 "அல்லாஹ் பாவங்கள் அனைத்தையும் மன்னிப்பான், நம்பிக்கை இழக்காதீர்கள்" என்கிறது. 4:48 இணைவைத்தலை மன்னிக்க மாட்டான், அதற்குக் கீழே உள்ளதை நாடியவருக்கு மன்னிப்பான் என்கிறது. முரண்பாடு போலத் தெரிகிற இந்த இரண்டையும் பெரும்பாலான விரிவுரையாளர்கள் சேர்த்துப் படிக்கும் விதம் எளிது: உயிரோடு இருக்கும்போது திருந்தினால் எதற்கும் மன்னிப்பு உண்டு, இரண்டாவது வசனம் திருந்தாமலே இறந்தவனுக்கு.

இப்போது கடினமான கேள்விக்கு வரலாம். நம்பாதவன் கதி?

"ஒரு தூதரை அனுப்பாதவரை நாம் யாரையும் தண்டிப்பதில்லை" என்கிறது 17:15. செய்தி போய்ச் சேராதவனுக்கு என்ன என்று இதை வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது கஸ்ஸாலி எழுதியது. 1058 முதல் 1111 வரை வாழ்ந்தவர், பாக்தாதின் நிஸாமிய்யா மத்ரஸாவில் பேராசிரியராக இருந்தவர், யாராலும் மென்மையான தாராளவாதி என்று சொல்ல முடியாத ஆள். அவர் "ஃபைஸலுத் தஃப்ரிகா" என்ற சிறு நூலில் முஸ்லிம் அல்லாதவர்களை மூன்றாகப் பிரிக்கிறார். நபியின் பெயரே காதில் விழாதவர்கள்: இவர்களுக்கு மன்னிப்பு உண்டு. முஸ்லிம்களோடு பழகி, நபியின் குணத்தையும் அற்புதங்களையும் நன்றாக அறிந்தும் பிடிவாதமாக மறுத்தவர்கள்: இவர்கள்தான் குற்றவாளிகள். மூன்றாவதுதான் சுவாரசியம். பெயரைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் சின்ன வயதிலிருந்தே "முஹம்மத் என்று ஒரு பொய்யன் நபி என்று சொல்லிக்கொண்டான்" என்றே கேட்டு வளர்ந்தவர்கள். இவர்களும் முதல் வகையைப் போலத்தான் என்கிறார் கஸ்ஸாலி, ஏனென்றால் கேட்டது உண்மைக்கு நேர் எதிரானது. அப்படிக் கேட்டால் தேடிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? தன் காலத்து ரோமானியக் (பைசாந்தியக்) கிறிஸ்தவர்களிலும் துருக்கியர்களிலும் பெரும்பாலோரை இறைவனின் கருணை சூழும் என்று எழுதுகிறார். சிலுவைப் போர் வெடித்த தலைமுறையைச் சேர்ந்தவர் இதை எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. உண்மையைத் தேடத் தொடங்கி, தேடல் முடியும் முன்பே இறந்துபோனவனையும் அவர் மன்னிப்புக்குள் சேர்க்கிறார்.

இதை இன்றைக்கு நீட்டிப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி வெளிப்படையானது. குண்டுவெடிப்புச் செய்தியோடு மட்டுமே இஸ்லாத்தின் பெயரைக் கேட்டவன் எந்த வகையில் வருவான்?

அப்படியே மறுத்துக் குற்றவாளியாகிவிட்டாலும், தண்டனை முடிவே இல்லாததா? பெரும்பான்மை அறிஞர்கள் ஆம் என்றுதான் சொல்கிறார்கள், 2:167 போன்ற வசனங்கள் அவர்களுக்கு ஆதாரம். ஆனால் எதிர்க்குரல் வந்தது யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. கடும்போக்கின் தந்தை என்று இன்று பலரும் நினைக்கும் இப்னு தைமிய்யா (1263–1328), தன் கடைசிக் காலத்தில் நரகம் என்றாவது ஒருநாள் இல்லாமல் போகும் என்ற பக்கம் வாதங்களை அடுக்கினார். அவர் மாணவர் இப்னுல் கய்யிம் அதை விரித்து எழுதினார். அவர்கள் குர்ஆனைப் படித்த விதத்துக்கு ஒரு மாதிரி: 11:107 நரகவாசிகள் வானமும் பூமியும் இருக்கும் காலமெல்லாம் அதில் இருப்பார்கள், உம் இறைவன் நாடியதைத் தவிர என்று சொல்லி, "உம் இறைவன் தான் நாடியதைச் செய்பவன்" என்று முடிகிறது. அடுத்த வசனம் சொர்க்கவாசிகளைப் பற்றி, அதே வார்த்தைகள், அதே விதிவிலக்கு, ஆனால் முடிவு வேறு: "அறுந்துபோகாத கொடை." சொர்க்கத்துக்கு அறுந்துபோகாது என்று உத்தரவாதம் கொடுத்தவன் நரகத்துக்கு ஏன் கொடுக்கவில்லை? நரகம் கருணையாளனின் மருந்து, நோய் தீர்ந்த பிறகு மருந்து எதற்கு என்பது இவர்கள் வாதத்தின் சாரம். இதைத் தாங்க முடியாமல் டமாஸ்கஸின் தலைமை காஜி (நீதிபதி) தகிய்யுத்தீன் ஸுப்கி தனியாக ஒரு மறுப்பு நூலே எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் முஹம்மத் இக்பால் தன் தத்துவச் சொற்பொழிவுகளில், பழிவாங்கும் கடவுள் கட்டிவைத்த முடிவில்லாத வதைக்கூடம் அல்ல நரகம், கல்லாகிப்போன மனதைத் திருத்தும் அனுபவம் என்ற கருத்தில் பேசினார். இது சிறுபான்மைக் குரல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மரபுக்கு உள்ளே இருந்து வந்த குரல்.

விதியும் சுதந்திரமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், அது தனியாக ஒரு கடல். "விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்" (18:29). "அல்லாஹ் நாடினாலன்றி நீங்கள் நாட மாட்டீர்கள்" (76:30). மனிதனே தன் செயலைப் படைக்கிறான் என்று முஃதஸிலாவும், செயலை இறைவன் படைக்கிறான், மனிதன் அதைச் சம்பாதித்துக்கொள்கிறான் என்று அஷ்அரிகளும் சொன்னார்கள். அந்தச் சம்பாதித்தல் என்றால் சரியாக என்ன என்று கேட்டால் அஷ்அரிகளே ஆளுக்கொரு விளக்கம் கொடுப்பார்கள். சாமர்கண்டின் இறையியலாளர் மாதுரீதி மனிதனின் தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. மனிதன் சுதந்திரமானவன் என்று உரக்கச் சொன்ன முஃதஸிலாவின் இன்னொரு கருத்தைத்தான் 833இல் அப்பாஸிய கலீஃபா மஃமூன் எல்லோர் மேலும் திணிக்கத் தொடங்கினார். குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளாத அறிஞர்களுக்கு விசாரணை, சிறை. ஹதீஸ் அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பல் சாட்டையடி வாங்கியும் மாறவில்லை. இதற்குப் பெயர் மிஹ்னா. பதினைந்து வருடத்துக்கு மேல் நீடித்தது. பகுத்தறிவாளர்கள் சகிப்பாளர்கள், மரபுவாதிகள் கொடுமைக்காரர்கள் என்று சுலபமாகப் பிரிக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சம்பவம் ஒத்துவராது. இறையியலில் சுதந்திரம் பேசுவதும் அரசியலில் சுதந்திரம் கொடுப்பதும் வேறு வேறு.

அந்த அரசியல்தான் நம் இரண்டாவது கேள்வி. 2:256, "மார்க்கத்தில் நிர்பந்தம் இல்லை, வழிகேட்டிலிருந்து நேர்வழி தெளிவாகிவிட்டது." இது எப்போது இறங்கியது என்பதற்கு அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக ஒரு செய்தி இருக்கிறது. இஸ்லாத்துக்கு முந்தைய மதீனாவில் குழந்தைகள் தங்காத தாய், இந்தக் குழந்தை பிழைத்தால் யூதனாக வளர்ப்பேன் என்று நேர்ந்துகொள்வாளாம். பிறகு பனூ நளீர் என்ற யூதக் குலம் மதீனாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது அன்ஸாரிகளின் (மதீனாவாசிகளான முஸ்லிம்களின்) அந்தப் பிள்ளைகளும் அவர்களோடு இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளை விட முடியாது என்று பெற்றோர் துடித்தபோதுதான் இந்த வசனம். பெற்ற பிள்ளையைக்கூட இழுத்துப் பிடிக்கக் கூடாது என்பதுதான் அதன் பின்னணி என்று படிக்கும்போது, வசனம் வெறும் கோஷமாக இல்லாமல் கனம் பெறுகிறது.

ஆனால் பழைய விரிவுரையாளர்கள் எல்லோரும் இதைப் பொது விதியாக எடுக்கவில்லை. 9:5 போன்ற போர் வசனங்கள் இதை மாற்றிவிட்டன என்றார்கள் சிலர். தபரி, இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான ஜிஸ்யா வரியைக் கொடுத்து வாழும் வேதக்காரர்களுக்கும் (யூதர், கிறிஸ்தவர்) அவர்களைப் போன்றவர்களுக்கும் உரியது என்றார். இன்றைய அறிஞர்கள் பலர் பொது விதி என்கிறார்கள், அவர்கள் காட்டும் காரணம் எனக்கு ஏற்கும்படி இருக்கிறது: நேர்வழி தெளிவாகிவிட்டது என்ற காரணத்தை வசனமே சொல்கிறது, அந்தக் காரணம் காலாவதி ஆகாதபோது விதி மட்டும் எப்படி ஆகும்? 10:99ம் துணைக்கு வருகிறது. உம் இறைவன் நாடியிருந்தால் பூமியில் எல்லோருமே நம்பியிருப்பார்கள், அப்படியிருக்க மக்களை நீர் கட்டாயப்படுத்துவீரா என்று அது கேட்பது வேறு யாரையும் அல்ல, நபியையே.

சரி, உள்ளே வர நிர்பந்தம் இல்லை. வெளியே போக?

மதத்தை விட்டுப் போனவனை முர்தத் என்பார்கள். குர்ஆன் பல இடங்களில் அவனைக் கண்டிக்கிறது, மறுமையில் தண்டனை என்கிறது. இவ்வுலகில் இன்ன தண்டனை கொடு என்று எங்கும் சொல்லவில்லை. நம்பி, மறுத்து, மறுபடி நம்பி, மறுபடி மறுத்தவர்களைப் பற்றி 4:137 பேசுகிறது, முதல் முறையே கொன்றிருந்தால் மறுபடி நம்புவது எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். ஆனால் "தன் மார்க்கத்தை மாற்றிக்கொண்டவனைக் கொல்லுங்கள்" என்று புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நபி மறைந்ததும் 632இல் பல அரபுக் குலங்கள் முறித்துக்கொண்டு போக, முதல் கலீஃபா அபூபக்ர் அவர்கள் நடத்திய போர்களும் இருக்கின்றன. இவற்றை வைத்து நான்கு ஸுன்னி மத்ஹபுகளும் (சட்டப் பள்ளிகளும்) ஷியா சட்டமும் மரண தண்டனை என்றே முடிவு செய்தன. இதை இல்லை என்று மறுப்பது நேர்மை ஆகாது.

அதற்குள்ளேயும் விரிசல்கள் இருந்தன. இப்ராஹீம் அந்நகஈ, ஸுஃப்யான் அஸ்ஸவ்ரி போன்ற ஆரம்பகால அறிஞர்கள் அவனைத் திருந்தச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கருதியதாக வருகிறது, கெடு எதுவும் இல்லை. ஹனஃபி மத்ஹபில் மதம் மாறிய பெண்ணைக் கொல்லக் கூடாது, சிறைதான். ஏன் பெண்ணுக்கு மட்டும் விலக்கு? 11ஆம் நூற்றாண்டின் ஹனஃபி மேதை ஸரக்ஸி கொடுக்கும் காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். இறைமறுப்பு மிகப் பெரிய குற்றம்தான், ஆனால் அது அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலானது, அதன் தண்டனை மறுமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இங்கே கொடுக்கும் தண்டனை மக்கள் நலனுக்காக, போரில் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிடும் ஆபத்தைத் தடுப்பதற்காக. பெண் போரிடுவதில்லை, எனவே கொலை இல்லை. அதாவது அவர் கணக்கில் தண்டனை நம்பிக்கை மாறியதற்கு இல்லை, துரோகத்துக்கு. மதம் மாறுவதும் பகைப்படையில் சேர்வதும் ஒன்றாக இருந்த உலகம் அது. இன்றைய சீர்திருத்தவாதிகள் செய்வதெல்லாம் ஸரக்ஸி பாதியில் நிறுத்திய வாதத்தை முடித்துவைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: போர் ஆபத்து இல்லையென்றால் ஆணுக்கும் அதே விலக்கு பொருந்த வேண்டுமே. அவர்கள் கையில் வேறு ஆதாரங்களும் உண்டு. ஒரு கிராமத்து அரபி மதீனாவில் காய்ச்சல் வந்ததும் "என் உறுதிமொழியை ரத்து செய்துவிடுங்கள்" என்று நபியிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் கிளம்பிப் போனான். நபி ஆள் அனுப்பிப் பிடிக்கவில்லை. எகிப்தின் அல் அஸ்ஹர் கல்வி நிலையத்தின் தலைமை இமாமாக இருந்த மஹ்மூத் ஷல்தூத், ஓரிருவர் வழியாக மட்டும் வரும் ஹதீஸை வைத்து இப்படிப்பட்ட தண்டனையை நிலைநாட்ட முடியாது என்று பல அறிஞர்கள் கருதுவதையும், இறைமறுப்பு மட்டுமே ஒருவன் உயிரைப் பறிக்கக் காரணமாகாது என்பதையும் எழுதினார்.

இங்கே கஸ்ஸாலிக்குத் திரும்பியாக வேண்டும். ரோமானியக் கிறிஸ்தவனுக்கு மறுமையில் அவ்வளவு இடம் கொடுத்த அதே கஸ்ஸாலிதான், தத்துவவாதிகளை மூன்று கருத்துகளுக்காக காஃபிர்கள் என்று தீர்ப்பெழுதினார், பாத்தினிகள் எனப்பட்ட இஸ்மாயிலி ஷியாக்களுக்கு எதிராகக் கடுமையான சட்டக் கருத்துகளையும் எழுதினார். அங்கே விசாலம், இங்கே இறுக்கம். இன்று இதன் தலைகீழ் ஆட்களையும் பார்க்கலாம். மறுப்பவனுக்கு நிரந்தர நரகம்தான், இம்மியும் மாற்றமில்லை என்று நம்புகிற, ஆனால் அவனை இந்த உலகத்தில் தொட எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்று சொல்லும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். அதனால்தான் முதலிலேயே கேள்விகளைப் பிரிக்கச் சொன்னேன். ஒருவரிடம் நரகம் பற்றிக் கேட்டுவிட்டு அவர் நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று ஊகிக்க முடியாது.

நவீன காலத்தில் வாதம் சட்டப் புத்தகங்களுக்கும் ஐநா மன்றத்துக்கும் நகர்ந்தது. 1844இல் ஐரோப்பிய நாடுகளின் அழுத்தத்தில், மதம் மாறியவர்களைக் கொல்வதைத் தடுப்பதாக உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் வாக்குக் கொடுத்தார். 1948இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவில் மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்தபோது சவூதி அரேபியா எதிர்ப்புத் தெரிவித்தது, கடைசியில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஸஃபருல்லா கான் அதே மன்றத்தில் எழுந்து, "விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்" என்ற வசனத்தையே சொல்லி அந்த உரிமையை ஆதரித்தார். அவர் அஹ்மதிய்யா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பிரிவினர் முஸ்லிம்களே அல்ல என்று அறிவித்தது. அவர் மேற்கோள் காட்டிய 18:29இன் அடுத்த வரி அநியாயக்காரர்களுக்கு நெருப்பைத் தயார் செய்திருப்பதாகச் சொல்கிறது. சுதந்திரமும் எச்சரிக்கையும் ஒரே வசனத்தில்! எச்சரிப்பவன் இறைவன், தண்டனையும் அவனுடையது, நடுவில் போலீஸ்காரனுக்கு வேலை இல்லை என்று இதைப் படிப்பவர்களும் உண்டு. இது அனுமதியே இல்லை, வெறும் மிரட்டல் என்று படிப்பவர்களும் உண்டு.

எகிப்தில் 1995இல் குர்ஆன் ஆய்வாளர் நஸ்ர் ஹாமித் அபூஸைதின் எழுத்துகளைக் காரணம் காட்டி நீதிமன்றம் அவரை முர்தத் என்று முடிவு செய்தது; முஸ்லிம் பெண்ணோடு அவர் திருமணம் செல்லாது என்று ரத்தும் செய்தது. அவர் தன்னை முஸ்லிம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தம்பதி நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் இந்த வழக்குகளில் சிக்குவது மதத்தை விட்டு ஓடியவர்கள் இல்லை, உள்ளேயே இருந்து வேறு மாதிரி யோசித்தவர்கள்.

சூடானும் அப்படித்தான். 1985 ஜனவரி 18 அன்று கார்ட்டூமில் மஹ்மூத் முஹம்மத் தாஹா என்ற முதிய சிந்தனையாளரை முர்தத் என்று தூக்கிலிட்டார்கள். மக்காவில் இறங்கிய வசனங்களின் சமத்துவச் செய்திதான் நிரந்தரமானது, மதீனாவின் சட்டங்கள் அந்தக் காலத்துக்கானவை என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அந்தத் தீர்ப்பு செல்லாது என்று சூடானின் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் 1991இல் வந்த குற்றவியல் சட்டம் 126ஆம் பிரிவில் மதமாற்றத்துக்கு மரண தண்டனையை எழுத்திலேயே கொண்டுவந்தது. 2020இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன் இடத்தில் வைத்த புதிய குற்றம் என்ன தெரியுமா? தக்ஃபீர், அதாவது இன்னொருவரை காஃபிர் என்று முத்திரை குத்துவது.